லண்டன் விமானமும் இரண்டு கடிகாரங்களும்



தோட்டத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகள் சிலர் இங்கிலாந்தில் படிக்கிறார்கள். சிலர் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக, அதுவரை விமானமே ஏறாத அம்மாவும் புறப்படுகிறார். கோலாலம்பூரில் இரவு 11 மணிக்கு ஏறி, லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாகப் பயணச் சீட்டில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். விரல்விட்டு எண்ணினால் 7 மணி நேரம். தூங்கி எழுந்தால் லண்டன் என்று நினைத்து, அம்மாவின் இனிப்புநீர் மாத்திரைகளையெல்லாம் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அந்தப் பெட்டியோ விமானத்தின் அடிவயிற்றில் போகிறது.

நம் கணக்கு எங்கே பிசகியது? புறப்படும் நேரம் நம் கடிகாரத்தின் நேரம். இறங்கும் நேரம் லண்டன் கடிகாரத்தின் நேரம். பூமி 24 மணி நேரத்தில் ஒரு முறை சுழல்வதால், கிழக்கே இருக்கும் நமக்குப் பொழுது முந்தி விடிகிறது. லண்டன் நமக்குக் கோடையில் 7 மணி நேரமும் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் பிந்தி இருக்கும். கோடைக் கணக்குப்படி அங்கே காலை 6 என்றால் இங்கே பகல் 1 மணி. ஆகவே அம்மா விமானத்தில் இருப்பது 14 மணி நேரம்!

தூரத்தையும் பார்ப்போம். இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலை வழியே போகும் தூரத்தைப் போல் முப்பது மடங்கு. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போனால் 12 மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட வேண்டுமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான்.

உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பதே அந்த 10,600. நூல் வங்காள விரிகுடா, வட இந்தியா, காஸ்பியன் கடல் என்று வடமேற்காக வளைந்து போகும். சுவரில் தொங்கும் தட்டைப் படம் இதைக் காட்டாது. பிள்ளைகள் கையில் நூலைக் கொடுத்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போல் போக முடிவதில்லை. 2014 ஜூலையில் உக்ரேனின் கிழக்குப் பகுதிக்கு மேலே நம் எம்.எச். 17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. போர் நடக்கும் வான்வெளியை விலக்கிச் சுற்றித்தான் போக வேண்டும். போதாததற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று எதிர்த்து அடிக்கிறது. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால், 13 மணி நேரத்திலேயே வந்துவிடலாம்.

ஆனால் திரும்பும் சீட்டைப் பாருங்கள்: லண்டனில் பகல் 11 மணிக்கு ஏறினால் இங்கே மறுநாள் காலை 7 மணிக்கு இறக்கம். எண்ணினால் 20 மணி நேரமாகத் தெரியும்! அழைத்துவர வண்டி பேசுபவர்கள் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். இறங்கும் நேரம் நம் நேரம்தான். தேதியை மட்டும் சரியாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். 14 மணி நேரப் பயணம், 7 மணி நேர வித்தியாசம் என்று மருத்துவரிடம் சொல்லி, எந்த வேளைக்கு எது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அம்மாவின் கைக்கடிகாரம் லண்டன் போய்ச் சேரும்வரை நம் நேரத்தையே காட்டட்டும். இறங்கிய பிறகு மகள் திருப்பி வைத்துக் கொடுப்பார்.