மலை ஏற நமக்கும் கால் உண்டு

(மாதாந்திரக் கூட்டத்தில் கூட்டமைப்புத் தலைவி பேசியது)



இந்த வருஷம் ஒரு நாள் சுற்றுலா எங்கே போகலாம் என்று போன கூட்டத்தில் கேட்டிருந்தோம். பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குப் போகலாம்னு பல குழுக்கள் எழுதிக் கொடுத்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா, "காட்டுக்கும் மலைக்கும் பொம்பளைங்க எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறாங்கன்னு சில பேர் சொன்னீங்க. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போறேன்.

நாம குளிக்கப் போற அருவிக்கு மேலே, பொதிகை மலையில், அகத்தியர்கூடம் என்ற சிகரம் இருக்குது. உயரம் 1,868 மீட்டர். தாமிரபரணி பிறப்பது இந்த மலையில்தான். அங்கே இருக்கிற மழைக்காடு பெய்கிற மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமா விடுது. அதனாலதான் மழை நின்ன பிறகும் ஓடையில தண்ணி வருது. நாம நாற்று நடுற வயலுக்கும், குடத்துல பிடிக்கிற குழாய்க்கும் அந்தக் காடுதான் தாய்வீடு. தாய்வீட்டைப் பார்க்கப் பெண்களுக்கு உரிமை இல்லையா?

சிகரத்துக்கு ஏறுகிற பாதை கேரளாவில் போணக்காட்டில் தொடங்குது. அடர்ந்த காடு, ஓடைகள், அருவிகள் எல்லாம் தாண்டி, வழிகாட்டிகளோடு போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். கடைசியில் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறணும். அந்த உச்சிக்குப் பெண்கள் போக ரொம்ப காலம் அனுமதி கிடையாது. கேரளப் பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போனாங்க. பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் தான்யா சனல் என்ற பெண் அதிகாரி உச்சி வரை ஏறி இறங்கினார். கூட வந்தவங்க எல்லாம் ஆண்கள்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அந்த மலையில் வாழுகிற காணி மக்களுக்கு அகத்தியர் தெய்வம். பெண்கள் சிலைக்குப் பக்கத்தில் போவது தங்கள் வழக்கத்துக்கு எதிரானது என்று அவங்க வருத்தப்பட்டாங்க. ஆனாலும் யாரையும் வழிமறிக்கவில்லை. அமைதியாக உட்கார்ந்து எதிர்ப்பைச் சொன்னாங்க. உரிமையைக் கேட்கும்போது அடுத்தவர் மனசையும் மதிக்கணும் என்பதை நாமும் மறக்கக் கூடாது.

அந்தக் காணி மக்களுடைய அறிவு சாதாரணமானது இல்லை. 1987-இல் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடந்தாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அதன் வருமானத்தில் காணி மக்களுக்கும் பங்கு கொடுத்தாங்க. அதனால காட்டில் வழிகாட்டி ஒரு சொல் சொன்னால், அதை மதித்துக் கேளுங்க.

நாம போறது ஒரு நாள் பயணம்தான். உச்சிக்கு இல்லை, அருவிக்கு. அதுக்கும் கட்டுப்பாடு வேணும்.

* பிளாஸ்டிக் பை வேண்டாம். சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்து வாங்க.
* அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது. அந்தத் தண்ணியைத்தான் கீழே நம்ம பிள்ளைங்க குடிக்குது.
* பரிகாரம் என்று கட்டின துணியை ஆற்றில் விடாதீங்க.
* மேலே மழை பெய்தால் அருவியில் திடீர்னு வெள்ளம் வரும். வனத்துறையினர் வெளியே வரச் சொன்னால் உடனே வந்துடணும்.
* குரங்குக்குத் தீனி போடக் கூடாது.
* பத்துப் பேருக்கு ஒரு ஊக்குநர். தனியா யாரும் போகக் கூடாது.

சகோதரிகளே, வங்கிக்குப் போகவே ஒரு காலத்தில் பயந்தோம். இன்றைக்கு மேலாளர் முன்னால் உட்கார்ந்து கடன் பேசுறோம். ஒரு நாள் வீட்டு அடுப்பை மற்றவங்க பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் பேசி முடிவெடுத்து, மாமியார், மகள் யார் வந்தாலும் சேர்த்துப் பெயர் கொடுங்க. அடுத்த கூட்டத்துக்குள் குழுப் பிரதிநிதிகள் பட்டியலைக் கொண்டு வரணும்.