வர்ணப் படவில்லைகளுக்கு ஏற்ற வருடி

வர்ணப் படவில்லை என்பது ஒளி ஊடுருவிச் செல்வதால் உயிர்பெறும் படம். 1936ஆம் ஆண்டில் 35 மில்லிமீற்றர் கமராவுக்கென வெளிவந்த கோடக்குரோம் பிலிம், இப்படவில்லைகளை உலகெங்கும் பரப்பிற்று. அதன் உற்பத்தி 2009ஆம் ஆண்டில் நின்றது. அதனைப் பதனிட்டுவந்த கடைசி நிலையமும் 2010ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணியைக் கைவிட்டது. எனினும் திருமணங்களையும் யாத்திரைகளையும் மறைந்த முதியோரின் முகங்களையும் தாங்கிய படவில்லைகள் இன்றும் பெட்டிகளில் உறங்குகின்றன.

அவை என்றும் அவ்வாறே இருந்துவிடுமா? இரா. சாயங்கள் மங்கும். ஈரப்பதன் மிக்க நம் நாட்டிலோ பூஞ்சணம் படலத்தையே அரித்துவிடும். ஆதலின் அவற்றை எண்முறைப் படிகளாக்கிக் கணினியில் சேர்த்தல் அறிவுடைமை. அதற்குத் துணையாவது ஸ்கேனர் எனப்படும் வருடி.

கடதாசியை வருடும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது. அது மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியைப் பதிவது. படவில்லைக்கு வேண்டுவதோ ஊடுருவிவரும் ஒளி. எனவே, மூடியில் விளக்குப் பொருத்திய தட்டை வருடியையோ, பிலிமுக்கென்றே அமைந்த தனி வருடியையோ நாடவேண்டும்.

வாங்குவோரை முதலில் மயக்குவது நுணுக்கத்தைக் குறிக்கும் எண். படவில்லையில் உள்ள படம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுமே கொண்டது. அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் வருடினால் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். பெரிய அச்சுப்படத்துக்கும் இது போதும். ஆனால் பெட்டியின்மேல் 6400 என அச்சிடப்பட்டிருக்கும் தட்டை வருடிகள் பல, உண்மையில் அதிற் பாதியளவு நுணுக்கத்தையேனும் எட்டுவதில்லை. எண் வேறு, விளைவு வேறு.

அதனினும் முக்கியமானது நிழலை ஊடுருவும் ஆற்றல். ஒளிபுகு அடர்த்தியை அளக்கும் முறையில் 3 என்பது, விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஊடுருவும் என்பதைக் குறிக்கும். நல்ல படவில்லையின் கருமை இதனையும் விஞ்சும். ஆற்றல் குன்றிய வருடியில், வெயிலிற் பொலியும் கோபுரம் தெளிவாக விழும். மண்டப நிழலில் நிற்கும் மனிதரோ கரும்பூச்சாகிவிடுவர்.

மூன்றாவது, தூசு. செந்நிறக்கீழ்க் கதிரைப் பாய்ச்சித் தூசையும் கீறலையும் கண்டறிந்து நீக்கும் வசதி சில வருடிகளில் உண்டு. சாயம் அக்கதிருக்கு வழிவிடும், தூசு மறிக்கும். எக்டாகுரோம் போன்ற படவில்லைகளில் இது நன்கு பயன்தரும். கோடக்குரோமின் சாயமோ அக்கதிரை ஓரளவு மறிப்பதால், படத்தின் கூறுகளையே தூசென மயங்கி அழித்துவிடல் கூடும். வெள்ளி தங்கிய கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு இது பொருந்தவே பொருந்தாது. ஆகவே தம்மிடம் உள்ளவை எவ்வகைப் படவில்லைகள் என்பதைச் சட்டத்தின்மேல் உள்ள எழுத்தைப் பார்த்து முதலில் அறிதல் நன்று.

நேரத்தையும் கணக்கிடவேண்டும். படவில்லை ஒன்றுக்கு 5 நிமிடம் எனக் கொண்டால், 600 படவில்லைகளுக்கு 50 மணித்தியாலம் செல்லும். தட்டை வருடி ஒரே தடவையில் பலவற்றை ஏற்கும்; தனி வருடிகளுட் பல, ஒவ்வொன்றாகவே ஏற்பினும் தெளிவிற் சிறந்தவை. உற்பத்தி நின்றுபோன நிக்கன் கூல்ஸ்கேன் போன்றவற்றைப் பழையதாக வாங்குவோர், அவை இன்றைய கணினியுடன் இயங்குமா என உறுதிசெய்தல் வேண்டும்.

பணம் கொடுக்குமுன் நிழல் மிகுந்த படவில்லை ஒன்றைக் கொண்டுசென்று வருடச்செய்து பார்ப்பதே சிறந்த சோதனை. விலைப்பட்டியல் கூறாததை அந்த ஒரு படம் கூறிவிடும். கிடைக்கும் படிகளை ஈரிடங்களிலாவது சேமித்துவைத்தல் வேண்டும். வேலை முடிந்ததென்று மூலப் படவில்லைகளை எறிந்துவிடலாகாது. நாளை இதனினும் நல்ல வருடி வரலாம். எறிந்த படவில்லை மீண்டு வாராது.