முத்திரையும் தலையும்

கனடாவில் காலை, இங்கே ஜேர்மனியில் மாலை, ஊரில் இரவு.

என் சிறுகதை ஒன்றில் நடந்த ஒரு சொல் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன். எண்பதுகளில் இங்கே அகதியாக வந்தவன், இரவு வேலை முடிந்து வருகிறான். தபாற்கந்தோர் பூட்டியாயிற்று. வாசலில் இருக்கும் இயந்திரத்தில் சில்லறை போட்டு முத்திரை எடுக்கிறான். தமிழ்நாட்டில் தொகுப்பு அச்சானபோது கதை முழுக்க 'அஞ்சல் தலை' என்று மாறியிருந்தது.

தொகுத்த நண்பரைக் கேட்டேன். "முத்திரைன்னா எங்க வாசகருக்கு சீல்தான் ஞாபகம் வரும், சார்" என்றார். அவர் சொன்னதும் பிழையில்லை.

அந்த இயந்திரத்தையே பாருங்கள். கேட்ட பெறுமதியை அப்போதே அச்சிட்டுத் தரும் இயந்திரங்கள் சுவிஸில் 1976இலும் ஜேர்மனியில் 1981இலும் வந்தன. அந்த முத்திரைக்கு ஜேர்மன்காரர் வைத்த பெயர் ஔட்டோமாட்டன்மார்க்கே. சேகரிப்பவர்கள் அதைச் சுருக்கி 'ஏடிஎம்' என்பார்கள். நமக்கோ ஏடிஎம் என்றால் காசு. சுவிஸில் இயந்திரம் செய்த நிறுவனம் ஃபிராமா, ஆகவே பல நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு அது 'ஃபிராமா'. பிரான்சில் 'லிசா'. 2008இல் பிரித்தானியாவில் வந்தது 'போஸ்ட் அண்ட் கோ'. ஒருவர் இயந்திரத்தைப் பார்த்தார், ஒருவர் நிறுவனத்தைப் பார்த்தார். ஒருவர் பெயரை மற்றவர் திருத்தவில்லை.

நம் கதையும் அதுதான். 1854இல் இந்தியா முழுமைக்குமென வந்ததிலும், 1857இல் இலங்கையில் வந்ததிலும் இருந்தது ஒரே விக்டோரியாவின் தலை. ஒரு கரையில் அது தலை, மறு கரையில் முத்திரை.

கதைசொல்லி 'அஞ்சல் தலை' என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கதையின் முடிவில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயின் கடிதம் வரும். "முத்திரைக்குக் காசு கிடக்கோ, மோனை?" என்று நான் எழுதியிருந்தேன். அச்சில் அந்தத் தாயும் 'அஞ்சல் தலை' என்கிறாள். அப்படிக் கேட்கிற ஒரு தாயை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை.

இதை நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அடுத்த பதிப்புல அம்மா பேச்சை அப்படியே விட்டுடறேன்" என்றார்.

தொகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான்: இயந்திரத்தில் காசு போட்டு எடுத்து, கடித உறையில் ஒட்டுகிறான் என்றால், அது என்ன பொருளென்று வாசகருக்கு விளங்கும். சொல்லை விட்டுவிடுங்கள்.