மலையின் மூத்தோரும் நம் சிறாரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நாம் புலவர் அல்லோம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபின் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பார்சல் ரசீதும் சரக்குக் கணக்கும் எழுதியே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். பள்ளிச் சிறார்க்குத் தொன்மை மரபைக் கற்பித்தல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, 'கல்லூரி கண்ட பெரியோர் பலர் இருக்க நாம் ஏன்?' என்று மறுக்கவே எண்ணினோம். பின்னர் இசைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பொருளில் எம்மிடம் புலமை இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று உண்டு. அதனை இவ்வவையிலேயே சொல்லுதல் முறை எனக் கருதினோம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் நம் குழந்தைகள் 'காட்டுவாசி நடனம்' ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். இடுப்பில் மாவிலை, தலையில் கோழி இறகு, கையில் மூங்கில் ஈட்டி, முகமெல்லாம் கரி. பொருளற்ற கூச்சலே பாட்டு. அக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசியவர் நாமே. ஆடியவருள் எம் இளைய மகனும் ஒருவன். நாம் அனைவரும் கை தட்டினோம். அன்றிரவு வீடு திரும்புகையில் அவன் கேட்டான்: "அப்பா, உங்கள் ஊர் மலையில் இருப்பவர்கள் இப்படித்தான் ஆடுவார்களா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

எமக்கு நா எழவில்லை. ஏனெனில், நாம் பிறந்து வளர்ந்த ஊர் உடும்பஞ்சோலை.

அவ்வூரை அறியாதார்க்குச் சில சொற்கள். இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தேனி மாவட்ட எல்லையை ஒட்டிய ஏலமலைப் பகுதி அது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை வழியே சென்றால் உடும்பஞ்சோலையை அடையலாம். எம் பாட்டனார் போடியிலிருந்து ஏலக்காய் எடுப்பு வேலைக்காக மலையேறியவர். எங்கள் குடும்பம் தோட்டத்து லயத்தில் இரு தலைமுறை வாழ்ந்தது. தமிழர் பலர் அங்கே அவ்வாறு வந்து தங்கியவரே. ஆயினும் நமக்கு முன்னரே அம்மலையில் வாழ்ந்தவர்கள் உண்டு. மன்னான், முதுவர், பளியர் என்போர் அவர்கள். ஏலத்தோட்டம் இன்று விரிந்து கிடக்கும் நிலமெல்லாம் அவர்கள் தேன் எடுத்தும், கிழங்கு அகழ்ந்தும், தினையும் கேழ்வரகும் விதைத்தும் உலவிய காடு. எம் பாட்டனார் பெற்ற கூலியும், நாம் குடித்த கஞ்சியும் அக்காட்டைத் திருத்தி வந்தவையே.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, மன்னான் குடியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் எங்களுடன் படித்தான். எப்போதும் கடைசிப் பெஞ்சு. அதிகம் பேச மாட்டான். ஒரு நாள் ஆசிரியர், ஐந்து மரங்களின் பெயரைச் சொல்லும்படி அவனை எழுப்பினார். அவன் ஐந்தோடு நிற்கவில்லை. இருபதுக்கு மேல் சொன்னான். இன்ன மரத்தில் எந்த மாதம் தேன் கட்டும், இன்ன மரத்தின் பட்டை எதற்கு மருந்து என்றும் தொடர்ந்து சொன்னான். எல்லாம் தன் குடியின் பேச்சில். ஆசிரியர், "இவற்றில் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை" என்று சொல்லி உட்காரச் செய்தார். வகுப்பு முழுதும் சிரித்தது. அனைவரினும் உரக்கச் சிரித்தவர் தமிழ்ப் பிள்ளைகளாகிய நாங்களே.

அதற்குக் காரணம் என்ன தெரியுமா? மற்ற நாள்களில் எங்கள் மலையாள உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு எங்களை நோக்கிச் சிரிக்கும். அன்று எங்களுக்குக் கீழே ஒருவன் கிடைத்தான். அந்த ஆறுதலில் சிரித்தோம். அடுத்த மாதம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் குடிக்குச் சென்று அழைத்து வரலாம் என்று எங்களுள் ஒருவர்க்கும் தோன்றவில்லை.

அன்பர்களே! நாம் சிரித்த அப்பேச்சு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். மன்னான் மக்களும் முதுவரும் பேசுவது தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. இரு குடியினரும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் என்றே சொல்லி வருகின்றனர். குழந்தைகளையும், தாம் வழிபட்ட மீனாட்சியம்மனின் திருவுருவையும் முதுகில் சுமந்து வந்தமையால் 'முதுவர்' என்னும் பெயர் வந்ததென்பது அவர்கள் வழங்கும் கதை. மன்னான் மக்களுக்குக் கட்டப்பனையை அடுத்த காஞ்சியாறு ஊராட்சியில், கோவில்மலை என்னும் இடத்தில் இன்றும் அரசர் உண்டு. ராஜமன்னான் என்பது அவர் பட்டம். அரசுரிமை மகனுக்கன்று, மருமகனுக்கே செல்லும். இன்றைய அரசர் ராமன் ராஜமன்னான் அவர்கள் 2025 ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பைக் காண விருந்தினராக டில்லிக்கு அழைக்கப்பட்டார். நாம் இலையும் கரியும் பூசிக் காட்டியது இத்தகைய மக்களையே.

இன்னுமொன்று கேளுங்கள். கோவில்மலையில் ஆண்டுதோறும் 'காலவூட்டு' என்னும் விழா நடைபெறும். அங்கே மன்னான் கூத்து ஆடப்படும். அக்கூத்தில் பாடி ஆடப்படும் கதை யாருடையது? கோவலன், கண்ணகி கதை! நம் பிள்ளைகள் சிலப்பதிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். ஏட்டைக் கையால் தொடாத ஒரு குடி, தலைமுறை தலைமுறையாகக் காலிலும் குரலிலும் அக்கதையைக் காத்து வருகிறது. குமுளிக்கு மேலே மங்கலதேவி கோட்டத்திற்குச் சித்திரா பௌர்ணமியன்று தமிழரும் மலையாளிகளும் திரள்வதை நாம் அறிவோம். அதே கண்ணகியைத் தம் கூத்தில் வைத்திருப்போரை அறியோம்.

இவ்வாறே குறிஞ்சித் திணையும். கருப்பொருள் எழுதுக என்றால் நம் பிள்ளைகள் தேன், தினை, கிழங்கு, மலைநெல் என வரிசையாக எழுதி முழு மதிப்பெண் பெறுவர். 2022 ஆம் ஆண்டு சாந்தன்பாறைக் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது பல்லாயிரவர் சென்றனர். அவருள் பலர் பூவைப் பறித்தனர்; செடியை மிதித்தனர்; பிளாஸ்டிக் பாட்டில்களை விட்டு வந்தனர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அம்மலரைக் கொண்டு வயதைக் கணக்கிட்ட குடிகள் அம்மலைகளில் இருந்தன. அவர்களிடம் ஒரு பாடம் கேட்டுச் சென்றிருந்தால் ஒரு கிளையும் ஒடிந்திராது.

இனி, பள்ளியைப் பற்றிச் சொல்லுவோம். 1956 ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, அரசியலமைப்பில் 350 ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகட்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வாயிலாகக் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ் ஆசிரியர் வேண்டும், தமிழ்ப் பாடநூல் காலத்தில் வரவேண்டும் என்று மனு எழுதும்போதெல்லாம் நம் சங்கம் இப்பிரிவையே எடுத்துக் காட்டுகிறது. அம்மனுக்களில் பலவற்றைத் தட்டெழுதியவர் நாமே. அந்தப் பிரிவு நமக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கடைசிப் பெஞ்சில் இருந்த அச்சிறுவனுக்கும் அது பொருந்தும். நமக்கு ஒரு நீதி, அவனுக்கு ஒரு நீதி என்று நாம் கேட்டோமாயின், நம் மனுவுக்கு என்ன வலிமை இருக்கும்?

இஃது ஆகாத காரியமும் அன்று. வயநாட்டில் 2017 ஆம் ஆண்டு 'கோத்ரபந்து' என்னும் திட்டத்தின்கீழ், பழங்குடி இளைஞரே தொடக்கப் பள்ளிகளில் துணையாசிரியராக அமர்த்தப்பட்டனர். வீட்டு மொழிக்கும் வகுப்பு மொழிக்கும் இடையே அவர்கள் பாலமாயினர். ஒடிசாவில் 2006 முதல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி தொடங்கப்பட்டது. கடல் கடந்த நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தம் மொழி அழியும் நிலை கண்டு, 1982 ஆம் ஆண்டு 'மொழிக் கூடு' என்னும் பொருள்படும் பெயரோடு மழலையர் பள்ளிகளைத் தொடங்கினர். அங்கே பாடம் சொன்னவர் பட்டம் பெற்றவர் அல்லர், ஊர்ப் பாட்டிமாரே. பேரக் குழந்தைகள் பாட்டியின் மடியிலிருந்து மொழியை மீண்டும் பெற்றனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாலக்காட்டு மாவட்டத்தில் அட்டப்பாடி இருக்கிறது. இருளரும், முடுகரும், குறும்பரும் வாழும் மலை. ஆடு மேய்த்தும் உழவு செய்தும் வாழ்ந்த இருளர் குல மூதாட்டி நஞ்சியம்மா, தம் தாய்மொழியில் பாடிய பாட்டுக்காக 2022 ஆம் ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். நம் வீட்டுக் குழந்தைகள் அப்பாட்டைக் கைபேசியில் கேட்டுத் தலையாட்டியவர்களே. அந்த மூதாட்டியின் குடி எது, மொழி எது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்லுவர்?

ஆர்வம் இருப்பினும் முறை தவறினால் அதுவும் தீங்காம். 2023 நவம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளீயம் விழாவில், பழங்குடியினரைக் குடிசைகளின் முன்னே நிறுத்திக் காட்சிப்படுத்தியது பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. மனிதரைக் காட்சிப் பொருளாக்குவது கல்வி ஆகாது. அம்மக்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியிலும் அரசுப் பணியிலும் இருக்கின்றனர். 2010 ஆம் ஆண்டு முதல் முதுவர் வாழும் இடமலைக்குடி தனி ஊராட்சியாய் இயங்கி வருகிறது. அவர்கள் நம்மைப் போல் இக்காலத்தில் வாழ்பவர். நம் வேடத்துக்காகப் பழங்காலத்தில் நிற்பவர் அல்லர்.

ஆதலின் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, இம்மேடையில் இனிக் கரி பூசிய நடனம் வேண்டா. 'காட்டுவாசி' என்னும் சொல்லையும் விட்டுவிடுவோம். மன்னான், முதுவர், பளியர், இருளர் என்று அவரவர் பெயரால் அழைக்கக் குழந்தைகளைப் பழக்குவோம். பெயர் அறிந்தவரை எள்ளுவது எளிதன்று.

இரண்டாவது, நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு ஆண்டில் இருமுறையேனும் அட்டப்பாடியிலிருந்தோ இடுக்கியிலிருந்தோ பழங்குடிப் பெரியோர் ஒருவரை ஆசிரியராக அழைப்போம். பட்டிமன்றப் பேச்சாளர்க்குத் தரும் வழிச்செலவும், சன்மானமும், பொன்னாடையும் அவர்க்கும் தருவோம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை அவரே முடிவு செய்யட்டும். சில பாட்டும் சில சடங்கும் வெளியார்க்கு உரியவை அல்ல. கேளாமல் விடுவதும் மரியாதையே.

மூன்றாவது, ரயில்வேக்காரர் ஆகையால் ஒரு பயணமும் சொல்லுகின்றோம். மதுரை, போடி ரயில் பாதை அகலப்படுத்தும் பணியால் பல்லாண்டு மூடிக் கிடந்து, 2023 ஜூன் மாதம் போடி வரை மீண்டும் திறக்கப்பட்டது. பாலக்காட்டிலிருந்து பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை, மதுரையிலிருந்து போடி, அங்கிருந்து பஸ்ஸில் மலை. கோடை விடுமுறையில் பிள்ளைகளை இவ்வழியே அழைத்துச் செல்வோம். அவ்வூர்ப் பெரியோரின் இசைவு முன்னரே பெற்று, விருந்தினராக மட்டும் செல்வோம். மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியவர் கதையை அவ்வழியிலேயே சொல்லலாம் அன்றோ?

'நம் தமிழையே பிள்ளைகள் மறந்து வருகின்றனர். இதில் பிறர் மரபு எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எமக்குத் தோன்றும் விடை இது. சிறுபான்மை மொழி பேசும் குழந்தை வகுப்பில் எவ்வாறு குறுகி அமரும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் நாம். அவ்வறிவு நம்மை இரு வழியில் செலுத்தும். நமக்குக் கீழே ஒருவனைத் தேடிச் சிரிப்பது ஒரு வழி. அவன் பக்கத்தில் சென்று அமர்வது மற்றொரு வழி. எம் பன்னிரண்டாம் வயதில் முதல் வழியே சென்றோம். எம் மகன் அவ்வழி செல்லலாகாது.

அவன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிட்டோம். "இல்லை மகனே, அவர்கள் அப்படி ஆடுவதில்லை. அவர்களுடைய கூத்தில் கண்ணகி வருவாள். எனக்குத் தெரிந்ததைவிட அதிக மரங்களின் பெயர் தெரிந்த ஒருவன் என்னுடன் படித்தான். அவனைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், அது தவறு" என்றோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, "அவர் பெயர் என்ன, அப்பா?" என்று கேட்டான். எமக்கு நினைவில்லை. ஓராண்டு ஒரே வகுப்பில் இருந்தும் பெயர் நினைவில்லை என்பதைச் சொல்லவே வெட்கமாயிருந்தது. அடுத்த விடுமுறையில் உடும்பஞ்சோலை சென்று விசாரித்து அறிவதாக அவனிடம் வாக்களித்திருக்கின்றோம்.