பெட்டி சொன்னதும் சொல்லாததும்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு சான்றைக் கையில் கொடுத்து, "இதைப் படி" என்றால் திகைத்து நிற்பார்கள். அந்தத் திகைப்பைப் போக்க, எங்கள் பள்ளியில் நிலப்படங்களை வைத்திருந்த ஒரு பழைய இரும்பு டிரங்குப் பெட்டியே உதவியது. பழைய வீடு ஒன்றை இடித்தபோது பள்ளிக்கு வந்த பெட்டி அது. "வெள்ளைக்காரத் துரை பெட்டி" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் அதை ஒப்படைத்தேன். முதலில் பார்ப்பது மட்டும்தான் வேலை. எதையும் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது என்பது நிபந்தனை. பூட்டுக்கு மேலே சிறிய பித்தளைத் தகட்டில் 'ஆர்மி அண்ட் நேவி கோஆப்பரேட்டிவ் சொசைட்டி லிமிடெட்' என்று இருந்தது. இது படை அதிகாரிகள் 1871-இல் லண்டனில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை. 1934-இல் 'ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ்' என்று பெயர் மாறியது. ஆகவே, பெட்டி இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. ஒரு தகடு 63 ஆண்டுகள் என்ற எல்லையைத் தந்துவிட்டது.

அடுத்து, மூடியில் மங்கிய வெள்ளை எழுத்துகள். நேராகப் பார்த்தால் தெரியவில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். மேடு பள்ளங்களின் நிழல் விழுந்ததும் 'கேப்டன்' என்ற சொல் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது. அதன் கீழே '63' என்ற எண்ணும் 'பி.எல்.ஐ.' என்ற எழுத்துகளும் இருந்தன.

அது 63-ஆவது பாளம்கோட்டா லைட் இன்பன்ட்ரி. "பாளம்கோட்டா எந்த ஊர்?" என்று கேட்டேன். இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்த மாணவி ஒருத்தி, "நம்ம பாளையங்கோட்டை சார்!" என்றாள். லண்டன் பெட்டி அந்த நொடியில் எங்கள் பெட்டியாகிவிட்டது.

மதராஸ் படையின் 3-ஆவது காலாட்படைப் பிரிவாக இருந்த இது, கிச்சனர் காலத்துச் சீரமைப்பில் 1903-இல் 63 என்ற எண்ணைப் பெற்றது. மதராஸ் பிரிவுகளின் பழைய எண்ணோடு அப்போது 60-ஐக் கூட்டினார்கள். 1922-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் இந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. ஆக, எழுத்துகள் 1903-க்குப் பிறகு எழுதப்பட்டவை. பெட்டி அதற்கு முன்பே வாங்கப்பட்டிருக்கலாம். எழுத்தின் வயது வேறு, பெட்டியின் வயது வேறு என்பதை மாணவர்களே பிரித்துச் சொன்னார்கள்.

இங்கேதான் சோதனை வந்தது. இந்தப் படைப்பிரிவு 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவில் உள்ள டாங்கா துறைமுகத்தில் ஜெர்மானியப் படையோடு மோதியது. அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பு தோற்றுப் பின்வாங்கியது. இதைப் படித்ததும் வகுப்பே பரபரத்தது. ஆண்டு விழாக் கண்காட்சியில் 'டாங்கா போரில் உயிர்நீத்த கேப்டனின் பெட்டி' என்று எழுதலாம் என்றார்கள் மாணவர்கள். பெரியவர்கள் சிலருக்கும் அது பிடித்திருந்தது.

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். இவர் டாங்காவுக்குப் போனார் என்று எது சொல்கிறது? உயிர்நீத்தார் என்று எது சொல்கிறது? இறந்த அதிகாரியின் உடைமைகளைப் படைப்பிரிவிலேயே ஏலம் விடும் வழக்கம் இருந்தது. அப்படியானால் பெட்டிக்கு ஒரே ஒருவர்தான் உரிமையாளரா? வகுப்பு அமைதியானது. நாம் எழுதி வைக்கும் அட்டையை அடுத்த ஆண்டு மாணவர்கள் பார்த்து எழுதுவார்கள். பத்து ஆண்டுகளில் அதுவே ஊரின் வரலாறாகிவிடும்.

முடிவில் அட்டையை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள்: பெட்டியில் பார்த்தது, நூல்களில் படித்தது, நாங்கள் ஊகிப்பது. டாங்கா மூன்றாம் பகுதிக்குப் போனது. அந்தக் கால இந்திய ராணுவ அதிகாரிகள் பட்டியல்கள் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. பெயரின் ஓர் எழுத்து தெளிந்தாலும் தேடலைத் தொடரலாம்.

ஒரு மாணவன் கேட்டான்: "சார், சிப்பாய்களோட பெட்டி எங்கே?" நம் ஊர்கள் சிலவற்றில், முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று சொல்லும் கல்பலகைகள் உள்ளன. அவற்றில் எண்ணிக்கை இருக்கும், பெயர்கள் இருக்காது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பலகை இருந்தால், மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பெட்டி இல்லாத பள்ளியிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். பழைய தையல் இயந்திரம், சுவர்க் கடிகாரம், தாத்தாவின் ரேஷன் அட்டை என எதுவும் போதும். பார்த்தது, படித்தது, ஊகித்தது என்ற மூன்று கட்டங்களை மட்டும் கரும்பலகையில் வரைந்துவிடுங்கள்.