செயலற்ற பெட்டியில் தங்கியிருக்கும் மின்சாரம்



தொலைக்காட்சிப் பெட்டியோ மேசைக் கணினியோ திடீரென்று செயலற்றுப் போகுமானால், பழுது பல வேளைகளில் அதற்கு மின்சாரம் ஊட்டும் பகுதியிலேயே இருக்கும். இதனைப் ‘பவர் சப்ளை’ என்று வழங்குகிறோம். திருப்புளி பிடிக்கத் தெரிந்த இளைஞர் பலர் அதனைத் தாமே திறந்து பார்க்க விழைகின்றனர். ஆர்வம் நன்றே. ஆயினும், பிளக்கைப் பிடுங்கியவுடன் அபாயமும் நீங்கிவிட்டது என்று எண்ணுதல் பெருந்தவறு. நன்றாக ஓடிய பெட்டியைக் காட்டிலும், ஓடாது நின்றுவிட்ட பெட்டியே கை வைப்போருக்கு மிகுந்த அபாயம் விளைப்பது.

அது எவ்வாறு? நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அதன் அலை உச்சத்தை எட்டும்போது அழுத்தம் சுமார் 325 வோல்ட் ஆகிறது. இக்காலப் பவர் சப்ளை இம்மின்சாரத்தை முதலில் டயோடுகளின் வழியே ஒரே திசையில் செலுத்தி, பெரிய மின்தேக்கி ஒன்றில் அவ்வுச்ச அளவுக்கு நிரப்புகிறது. சில கருவிகளில் இது 400 வோல்ட்டை நெருங்குவதும் உண்டு. பின்னர் டிரான்சிஸ்டர் ஒன்று அம்மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்த, சிறிய டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டிய அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்துத் தருகிறது.

பெட்டி நல்ல நிலையில் இருந்தால், பிளக்கை எடுத்தபின் மின்தேக்கியில் எஞ்சியதைச் சுற்று தானே செலவழித்துவிடும். டிரான்சிஸ்டர் இயங்காதபோதோ அதனைச் செலவழிப்பார் எவருமில்லை. எஞ்சியதை வடித்துவிடுவதற்கென மின்தடை ஒன்று சில பெட்டிகளில் இருக்கும், அதுவும் அறுந்திருக்கலாம். 470 மைக்ரோபாரட் அளவுள்ள மின்தேக்கி 325 வோல்ட்டில் ஏறத்தாழ 25 ஜூல் ஆற்றலைத் தாங்கி நிற்கும். ஒரு கிலோ எடையுள்ள கல் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தை நினைத்துப் பாருங்கள். சுவரிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் இவ்விடத்தில் நம்மைக் காவாது; ஏனெனில் இந்த மின்சாரம் சுவரிலிருந்து வருவதன்று, பெட்டிக்குள்ளேயே இருப்பது.

ஆகையால் முதல் வேலை பழுது தேடுவதன்று, மின்தேக்கியை வெறுமையாக்குவதே. சிலர் திருப்புளியின் முனையால் அதன் இரு கால்களையும் இணைத்துப் பொறி பறக்கச் செய்வர். அது திருப்புளியை உருக்கும், சுற்றையும் கெடுக்கும், உலோகத் துளி கண்ணிலும் தெறிக்கலாம். 10 கிலோ-ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை நன்கு உறையிட்ட கம்பிகளில் இணைத்து, மின்தேக்கியின் கால்களில் அரை நிமிடம் வைத்திருங்கள். பிறகு மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அந்த அளவி சரியாகக் காட்டுகிறதா என்பதை முன்னதாகவே அறிந்த மின்கலம் ஒன்றில் சோதித்துக்கொள்ளுதல் நலம். சிறிது நேரத்தில் அழுத்தம் ஓரளவு மீண்டும் தலைதூக்கக்கூடும். எனவே தொடுமுன் மறுபடியும் அளக்க வேண்டும்.

இனிப் பழுதைத் தேடலாம். ப்யூஸின் கண்ணாடி கருகியிருந்தால், டயோடோ டிரான்சிஸ்டரோ குறுக்கிணைந்து போயிருக்கக்கூடும். காரணத்தைக் களையாமல் புதிய ப்யூஸைப் போட்டால் அதுவும் கருகும். ப்யூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது வீட்டிற்கே தீ வைக்கும் செயல். ப்யூஸ் நலமாயிருந்தும் பெட்டி இயங்காவிடில், மின்தேக்கி நிறைந்தே இருக்கக்கூடும் என்பதை மறவாதீர். வெளிப்புறம் மின்சாரம் தரும் பகுதியில் தலை உப்பிய மின்தேக்கிகள் உள்ளனவா, ஈயப்பற்று விண்டிருக்கிறதா என்றும் நோக்குங்கள்.

பழுது நீக்கியபின் நேரே மின்சாரம் கொடுத்துவிடலாகாது. 60 அல்லது 100 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்துக் கொடுங்கள். விளக்கு ஒரு கணம் மின்னி மங்கினால் நன்று. முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் குறுக்கிணைப்பு இன்னும் நீங்கவில்லை. இவ்விளக்கு கருவியைக் காக்குமே அன்றி உங்களைக் காவாது. ஆகவே மின்சாரம் இருக்கையில் பெட்டிக்குள் கைவிடாதீர். தனியே இருந்தும் வேலை செய்யாதீர்.

மின்தடையும் அளவியும் கையில் இல்லாதவர் பெட்டியை மூடிவைத்துத் தேர்ந்தவரை நாடுவதே முறை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. பவர் சப்ளை கெட்டால் புதியது வாங்கலாம்; உயிர் கடையில் கிடைப்பதன்று. அளந்து பார்க்கும் அரை நிமிடப் பொறுமையே இத்தொழிலின் முதற் பாடம்.