இறைவன் சிலரை மட்டும் காப்பானோ?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகப் பெரிது. யாமோ மிகச் சிறியேம். வேதாந்திகளும் சித்தாந்திகளும் நெடுங்காலம் வாதித்தும் முடிவு காணாத ஒரு விஷயத்தை அரைமணி நேரத்தில் தீர்த்துவைப்போம் என்று யாம் கருதவில்லை. ஆயினும் இஃது ஏட்டில் மட்டும் கிடக்கும் விஷயமன்று. நம் ஒவ்வொருவர் இல்லத்தின் வாயிற்படியிலும் ஒரு நாள் வந்து நிற்கும் விஷயமாகும். ஒரு பஸ் கவிழ்கிறது. அதிலிருந்து ஒருவன் சிறு காயமுமின்றி எழுந்து வருகிறான். ஆண்டவன் தன்னைக் காப்பாற்றினான் என்கிறான். உற்றார் கற்பூரம் ஏற்றுகின்றனர். அவன் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் இறந்துபோனான். அவனுடைய மனைவியும் மக்களும் அதே தெருவில் அழுதுகொண்டிருக்கின்றனர். முதல் வீட்டார் சொல்லும் சொல் இரண்டாம் வீட்டார் செவியில் எவ்வாறு விழும்? ஆண்டவன் ஒருவனை எடுத்துக் காத்தான் என்றால், மற்றவனைக் கைவிட்டான் என்றன்றோ பொருள்படும்? இவ்வினாவையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

உதாரணத்துக்கு வெகு தூரம் போகவேண்டுவதில்லை. 2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதியை நினைவு கூர்வோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்திராத் தீவை அடுத்த கடலின் அடியில் பூமி அசைந்தது. அங்கே எழுந்த ஆழிப்பேரலை இரண்டு மணி நேரத்துக்குமேல் கடலைக் கடந்துவந்து நம் கீழைக் கரையில் மோதிற்று. 14 தேசங்களில் ஏறக்குறைய 2,30,000 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் மாண்டவர் ஏறக்குறைய 8,000 பேர். அவருள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் ஜில்லாவில் மடிந்தனர்.

வேளாங்கண்ணியில் மாதாவின் கோயில் சேதமின்றி நின்றது. உள்ளே வழிபட்டிருந்தோர் உயிர் தப்பினர். அதே மாதாவைத் தரிசிக்கத் தொலைவிலிருந்து வந்து, கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களோ நூற்றுக்கணக்கில் அலைக்கு இரையாயினர். திருச்செந்தூரில் முருகன் ஆலயத்துக்குத் தீங்கு நேரவில்லை. சுமத்திராவில் பாந்தா ஆச்சே நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. அதனிடையே பைத்துர்ரஹ்மான் மசூதி நிலைத்து நின்றது. ஆகவே கிறிஸ்தவர் மாதா காத்தாள் என்றனர். ஹிந்துக்கள் முருகன் காத்தான் என்றனர். முஸ்லிம்கள் அல்லா காத்தான் என்றனர். அவரவர் பக்தியை யாம் குறை கூறோம். ஆனால் அதே நாளில் இலங்கையின் மாத்தறையில், தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே அலை உள்ளே புகுந்தது. நின்ற கோயிலைக் கணக்கில் எழுதுவோர், நீர் புகுந்த கோயிலையும் எழுதவேண்டுமன்றோ?

இவ்விடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. கிரேக்க தேசத்திலே டையாகோரஸ் என்று ஒருவன் இருந்தான். தெய்வங்கள் மனிதரைக் கவனிக்கின்றன என்பதை அவன் நம்பவில்லை. கடற்புயலில் வேண்டிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் கோயிலில் காணிக்கையாக வைத்த சித்திரங்களை அவனுடைய நண்பன் காட்டி, இத்தனை சாட்சி போதாதா என்றான். அதற்கு அவன், வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்கள் சித்திரம் வைக்க வரவில்லையே என்று விடை கூறினானாம். ரோமாபுரியின் பேரறிஞராகிய ஸிஸரோ இதனைத் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். டையாகோரஸின் கொள்கையை நாம் ஏற்கவேண்டுவதில்லை. அவன் கேட்ட கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. தப்பியவர் வாய் திறந்து பேசுகின்றனர், இறந்தவர் பேசார். ஆதலின் நாம் கேட்பது எப்பொழுதும் பாதிச் சாட்சியமே.

இனி, இதற்குப் பலர் கூறும் சமாதானங்களைப் பார்ப்போம். இறந்தவர் செய்த பாவத்தின் பலன் அது என்பது முதலாவது சமாதானம். 1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பீஹாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் நேர்ந்து 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அப்பொழுது ஹரிஜன சேவைக்காக நம் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த மகாத்மா காந்தி, திருநெல்வேலியில் பேசுகையில், அந்தப் பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்றார். தீண்டாமையைக் காந்தியைப் போலவே வெறுத்தவர் மகாகவி தாகூர். அவரோ இக்கூற்றை மறுத்தெழுதினார். இயற்கையின் அசைவை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது தகாது என்பது அவர் கருத்து. காந்தி அம்மறுப்பைத் தம் சொந்தப் பத்திரிகையிலேயே வெளியிட்டுத் தம் விடையையும் எழுதினார். பெரியோர் இருவர் மாறுபட்டபோதும் எவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டனர் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

அவ்விருவரும் போற்றத்தக்கவர்கள், எனினும் இவ்விஷயத்தில் யாம் தாகூரின் பக்கமே நிற்கின்றோம். தீண்டாமை பீஹாரில் மட்டும் இருந்ததா? தீண்டாமையால் வருந்திய ஏழையின் குடிசையும் அன்று விழுந்ததே. அவன் எந்தப் பாவத்துக்குத் தண்டனை பெற்றான்? தொட்டிலில் கிடந்த சிசு எந்தச் சட்டத்தை மீறிற்று? முற்பிறப்பின் வினை என்று விடை கூறலாம். ஊழ்வினையை யாம் மறுக்கவில்லை. வள்ளுவரே ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அவரே ஆள்வினையுடைமை என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார் என்பதை மறக்கலாகாது. தன் துன்பத்தைத் தன் வினை என்று கொள்பவனுக்கு அக்கொள்கை பொறுமையைத் தரும். பிறன் துன்பத்தை அவன் வினை என்று சொல்பவனுக்கு அதே கொள்கை கல்நெஞ்சைத் தரும். மருந்து ஒன்றே, உண்ணும் முறையில் நஞ்சாகின்றது.

இன்னொரு தீங்கும் உண்டு. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். சமையல் நடந்த இடத்திலிருந்து தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இதனை விதி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டால், கீற்றுக் கூரையின்கீழ்க் குழந்தைகளை நெருக்கி வைத்தவர்களின் குற்றம் மறைந்துபோகும். மனிதன் செய்த பிழையைக் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தியாகாது. அது கடவுளுக்கே நாம் செய்யும் அபவாதம் ஆகும்.

நம்பிக்கை குறைந்தவர் மாண்டனர், மிகுந்தவர் பிழைத்தனர் என்பது இரண்டாவது சமாதானம். இதற்கு நம் புராணமே விடை தருகிறது. பெரிய புராணத்தில், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் என்று படிக்கின்றோம். அதே நூலில் மெய்ப்பொருள் நாயனார் சரிதத்தையும் படிக்கின்றோம். அடியார் வேடம் பூண்டு வந்த முத்தநாதன், சுவடிக் கட்டில் ஒளித்திருந்த கத்தியால் அவரைக் குத்தினான். அக்கத்தியைத் தடுக்க ஒருவரும் வரவில்லை. நாயனாரோ, வேடத்துக்கு மரியாதை செய்து, கொன்றவனை ஊரெல்லை வரையில் பத்திரமாகக் கொண்டுபோய்விடச் செய்து, அச்செய்தி கேட்ட பின்னரே உயிர் நீத்தார். சேக்கிழார் இவ்விருவரையும் ஒருங்கே நாயன்மாராக வைத்துப் போற்றினார். உயிர் பிழைத்தவர் பெரியவர், மடிந்தவர் நம்பிக்கையிற் குறைந்தவர் என்று அவர் தராசு பிடிக்கவில்லை. கரையேறியதைக் கொண்டு அன்பை அளக்கலாகாது என்பதற்கு இதனினும் வேறு பிரமாணம் வேண்டுமோ?

கடவுளே இல்லை என்பது மூன்றாவது கூற்று. குழந்தையைக் கடலுக்குக் கொடுத்த தந்தை அவ்வாறு சொன்னால், அவனோடு வாதிட யாம் துணியோம். அவன் சொல்வது சித்தாந்தமன்று, துக்கம். துக்கத்துக்கு மறுப்புரை எழுதுவோர் அறிவிலிகள் ஆவர்.

அங்ஙனமாயின் சிலர் தப்பியதற்குக் காரணம் யாதோ என்று கேட்பீர்கள். கண்ணெதிரே தெரியும் காரணங்கள் சில உள. சுமத்திராவின் அருகே சிமெலூ என்று ஒரு தீவு உண்டு. பூமி அசைந்த இடத்துக்கு மிக அண்மையில் இருந்த தீவுகளுள் அதுவும் ஒன்று. அங்கு வாழ்ந்தவர் ஏறக்குறைய 78,000 பேர். அலையில் மாண்டவர் 7 பேரே. 1907-ம் ஆண்டில் அத்தீவில் இத்தகைய அலை வந்து பலரை அழித்தது. பூமி பலமாக அசைந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடுங்கள் என்று அன்று பிழைத்த கிழவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தனர். அவ்வலைக்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்மோங் என்பது. 97 வருஷம் கழித்து அப்பெயரைக் கூவிக்கொண்டே எல்லாரும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தனர். நம் கரையிலோ, கடல் உள்வாங்கியதைக் கண்டு வேடிக்கை பார்க்க முன்னே சென்றவர் பலர்.

நம் வேதாரணியத்தை அடுத்த நாலுவேதபதி என்னும் சிற்றூரார், 2002-ம் ஆண்டில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டனர். ஈராண்டு வளர்ந்த அம்மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்து அவ்வூருக்கு அரணாயின. ஒரிஸ்ஸாவில் 1999-ம் ஆண்டு வீசிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். அதே கரையில் 2013-ம் ஆண்டு மற்றொரு கடும் புயல் வீசியபோது, முன்னதாக ஏறக்குறைய பத்து லக்ஷம் பேரை அப்புறப்படுத்தினர். இறந்தவர் 50 பேருக்கும் குறைவே. பதினான்கு வருஷத்தில் கடவுளின் கருணை பெருகிற்றா? மனிதரின் கவனம் பெருகிற்று. பசிபிக் கடலுக்கு 1949-ம் ஆண்டு முதலே பேரலை எச்சரிக்கை நிலையம் இருந்தது. நம் கடலுக்கு 2004-ல் அத்தகைய ஏற்பாடு ஒன்றும் இல்லை. 2007-ல்தான் ஹைதராபாத்தில் அது நிறுவப்பெற்றது.

எனவே எம் கருத்து இது. இறைவன் விருப்பும் வெறுப்பும் அற்றவன் என்று வள்ளுவர் தம் முதல் அதிகாரத்திலேயே கூறினார். அத்தகையவன் ஒரு தெருவில் ஒரு வீட்டை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றவற்றை மூழ்க விடுவான் என்று சொல்வது அவனைப் பக்ஷபாதி ஆக்குவதாகும். அவன் அருள் எல்லார்க்கும் பொதுவானது. அறிவாகவும், இரக்கமாகவும், ஒருவரை ஒருவர் தாங்கும் கையாகவும் அது மனிதரிடத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தாமல், கடவுள் ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமன்று. எல்லாத் துன்பத்துக்கும் இது விடையாகிவிடும் என்று யாம் சொல்லவில்லை. பூமி ஏன் அசையவேண்டும், சிசு ஏன் மடியவேண்டும் என்பன எஞ்சியே நிற்கும். எஞ்சியதன் முன் மௌனமாகத் தலைவணங்குவதே அறிவுடைமை.

பின்னர்ப் பிரார்த்தனை எதற்கு என்று இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும். பிரார்த்தனை வியாபார ஒப்பந்தம் அன்று. இவ்வளவு கொடுத்தேன், இன்னது தா என்று கேட்பதற்கில்லை. அலை வரும்போது அஞ்சாதிருக்கவும், வந்து போனபின் வெறுப்பின்றி எழுந்திருக்கவும், பிறன் கண்ணீரைத் துடைக்கவும் வேண்டிய பலத்தை அதில் கேட்கலாம். அப்பலம் பலருக்குக் கிடைத்ததை உலகம் கண்டிருக்கிறது.

முடிவாக, நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சில விண்ணப்பங்கள். துக்க வீட்டுக்குச் செல்லும்போது, அவர் செய்த வினை என்றோ, கடவுள் சோதிக்கிறான் என்றோ சொல்லாதீர்கள். உடன் அமர்ந்திருங்கள், அடுப்பு மூட்டுங்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சோறிடுங்கள். தப்பிப் பிழைத்தவர்கள் நன்றி செலுத்துக; அது தடையற்ற உரிமை. ஆனால் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று இறுமாவாமல், தாம் கடன்பட்டவர் என்று கருதுக. நேர்த்திக்கடனில் ஒரு பங்கு, அதே விபத்தில் தந்தையை இழந்த பிள்ளையின் படிப்புக்குச் செல்லுமாயின், அதைவிடச் சிறந்த அர்ச்சனை இல்லை. பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பியுங்கள். கடலின் குறிப்பை அறிவியுங்கள். எச்சரிக்கை வந்தால் தாமதியாமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள். நம் குழந்தைகள் படிக்கும் பள்ளியின் கூரையையும் வாயிலையும் ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள்.

கடவுள் யாரைக் காத்தான் என்று கேட்டுக்கொண்டிருப்பதை விட, நாம் யாரைக் காத்தோம் என்று கேட்டுக்கொள்வோமாக. முன்னதற்கு விடை கூற நமக்கு அதிகாரம் இல்லை. பின்னதற்கு விடை கூறாதிருக்கவும் நமக்கு அதிகாரம் இல்லை.